ஐகியா மலிவா, விலை அதிகமா? ஹைதராபாத்தில் கடை திறந்தபோது ஊர் பேசிய பேச்சு

[திரையில்: ஹைடெக் சிட்டி சாலை. நீலக் கட்டடம், மஞ்சள் எழுத்து. வாசலில் கூட்டம்.]

வணக்கம். 2018 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை. வேலை நாள். ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் ஒரு ஃபர்னிச்சர் கடை திறக்கிறது. கதவைத் திறந்ததும் தள்ளுமுள்ளு. சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகள் நகரவில்லை. அன்று ஒரே நாளில் சுமார் 40,000 பேர் வந்ததாகச் செய்திகள் வந்தன. நகைக்கடைத் திறப்புக்கு நடிகை வந்தால் இப்படிக் கூட்டம் கூடும், சரி. சோபாவும் கட்டிலும் விற்கிற கடைக்கு ஏன்?

ஸ்வீடனின் ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியா இந்தியாவில் திறந்த முதல் கடை அது. ஒரே பிராண்டு விற்கும் கடைகளில் 100 சதவீத அந்நிய முதலீட்டை அரசு 2012ல் அனுமதித்தது. விற்பதில் 30 சதவீத மதிப்புக்கு இந்தியாவிலேயே கொள்முதல் செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. ஐகியாவின் 10,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2013ல் ஒப்புதல் கிடைத்தது. அப்புறம் கடை திறக்க இன்னும் ஐந்து வருடம். கடைசி நேரத்தில்கூட ஜூலை 19 என்று சொல்லி, மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள். ஊர் அவ்வளவு நாள் காத்திருந்து உள்ளே போனது.

திறந்தபோது உள்ளே என்ன? 13 ஏக்கர் நிலம், 4 லட்சம் சதுர அடி, 7,500 வகைப் பொருள். அதில் ஆயிரம் பொருள் 200 ரூபாய்க்குள். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், அங்கே 99 ரூபாய்க்கு பிரியாணி. ஹைதராபாத்தில் வந்து பிரியாணி விற்கத் துணிச்சல் வேண்டும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

[திரையில்: கடைக்குள் நடைபாதை. தரையில் அம்புக்குறி. இரண்டு பைகளோடு வெளியே வரும் குடும்பம்.]

வெளியே வந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். 'ரொம்ப மலிவு' என்றார் ஒருவர். 'இந்த விலைக்கு நான் தேக்கிலேயே செய்துவிடுவேன்' என்றார் இன்னொருவர். 'எல்லாம் அட்டை, மூன்று வருடம் தாங்காது' என்பது மூன்றாமவர் பேச்சு. 'அமெரிக்காவில் படிக்கும்போது எங்கள் அறையில் இருந்ததெல்லாம் இதுதான், இங்கே எதற்கு இவ்வளவு அமர்க்களம்?' என்று சிரித்தவர்களும் உண்டு. ஹைதராபாத்தில் அமெரிக்காவில் படித்தவர்களுக்கும் துபாயில் வேலை பார்த்தவர்களுக்கும் பஞ்சமா என்ன! அவர்களுக்கு இந்தக் கடை ஏற்கெனவே பழக்கம். மாணவன் வாங்குகிற மலிவுச் சாமான் என்று அங்கே பார்த்தது, இங்கே நடுத்தரக் குடும்பம் யோசித்து யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. பொருள் ஒன்றுதான். பிறகு எப்படி அங்கே மலிவு, இங்கே நடுத்தரம்?

இதற்குப் பதில் சொல்ல ஸ்வீடன் வரை போக வேண்டும்.

[திரையில்: பழைய கார், திறந்த டிக்கி, கால் கழற்றிய மேசை.]

இங்வார் காம்ப்ராட் 1943ல் ஐகியாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. 1956ல் அங்கே வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்றப் பார்த்தார். கொள்ளவில்லை. காலைக் கழற்றி வைத்தார், கொண்டது. அதற்குப் பிறகு கழற்றி, தட்டையான அட்டைப் பெட்டியில் அடுக்கி விற்பதே இந்தக் கடையின் அடையாளம். முழு அலமாரியை லாரியில் ஏற்றினால் பாதி இடம் காற்றுக்குத்தான். பலகையாக அடுக்கினால் அதே லாரியில் பல அலமாரி போகும். கிடங்கிலும் இடம் மிச்சம்.

அதைவிடப் பெரிய மிச்சம் கூலி. கிடங்கிலிருந்து பெட்டியை எடுப்பது, வண்டியில் ஏற்றுவது, வீட்டில் ஆலன் கீ என்ற சிறு திருகுச் சாவியை வைத்துத் திருகி நிறுத்துவது, எல்லாம் வாங்குகிறவர் தலையில். ஸ்வீடனில் ஒரு தச்சரை ஒரு மணி நேரம் அழைத்தாலே பெரிய செலவு. அந்தக் கூலி இல்லை என்றால் விலை தடாலென்று இறங்கும்.

ஹைதராபாத்தில் அந்தக் கணக்கு வேறு. இங்கே பொருளின் விலையில் பெரும்பங்கு பலகைக்கும் கீல், கைப்பிடி போன்ற சாமானுக்கும் போகிறது, கூலி அவ்வளவு கனமில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பக்கமிருந்து வந்த தச்சர்கள் இங்கே நிறைய. வீட்டுக்கே வந்து, பால்கனியில் ரம்பத்தைப் போட்டு, சுவர் மூலைக்குத் தக்கபடி அலமாரி செய்து தருவார்கள். ஆக, வாங்குகிறவரையே உழைக்கவைத்து, கூலியைக் கழித்து விலையைக் குறைக்கும் உத்திக்கு இங்கே கழிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். அதோடு, இறக்குமதியாகும் ஃபர்னிச்சருக்கான சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 10லிருந்து 20 சதவீதமானது, 2020ல் 25 ஆனது. மலிவுக் கடை நடுத்தரக் கடையானது இப்படித்தான். என் கணக்கில் ஊர் பேசிய சண்டை முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடுகிறது: தச்சரின் விலையோடு ஒப்பிட்டவருக்கு அது அதிகம், பெரிய மால் ஷோரூம் விலையோடு ஒப்பிட்டவருக்கு மலிவு.

இன்னொன்று. நம் ஊரில் யார் ஸ்க்ரூ திருகுவது? கையால் பூட்டிய பொருள்மேல் ஆசை கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2012ல் கட்டுரையே எழுதினார்கள், அதற்கு ஐகியா பெயரையே வைத்தார்கள். இங்கே நிலைமை என்னவென்றால் 'ஆளை அனுப்புங்கள், பூட்டிக் கொடுக்கட்டும்' என்பதுதான் முதல் கேள்வி. கம்பெனிக்கும் அது தெரிந்திருந்தது. ஹைதராபாத்தில் பூட்டித் தருவதற்கு, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் அர்பன்கிளாப் நிறுவனத்தோடு கைகோத்தார்கள். ஆள் வந்து பூட்டுவார், வீட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்று 'அந்தப் பக்கம் சாயுது பாருங்க' என்பார். கூலி மறுபடி பில்லில் ஏறிவிடும்.

[திரையில்: குறுக்கே அறுத்த சிறு மேசைப் பலகை, மிக அருகில்.]

சரி, 'எல்லாம் அட்டை' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதில் உண்மை இருக்கிறது, உண்மையை மீறிய பேச்சும் இருக்கிறது. ஐகியாவின் லாக் என்ற சிறு மேசையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் மரத்தூள் பலகைச் சட்டம். மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் பலகை. நடுவே தேன்கூடு போல மடித்த காகிதம். காகிதம்தான்! இரண்டு தட்டுக்கு நடுவில் நின்றமேனிக்கு ஒட்டியிருப்பதால் அது பாரம் தாங்குகிறது. டீ கப், பத்திரிகை, கால் நீட்டினால் கால், எல்லாம் தாங்கும். மேலே ஏறி மின்விசிறி துடைக்கப் போனால் அது மேசையின் தப்பில்லை.

பில்லி என்ற புத்தக அலமாரி 1979லிருந்து விற்கிறது, உலகம் முழுக்க. அதன் பலகை பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்தியது. புத்தகம் அடுக்கி ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். அதற்கு இரண்டே எதிரி. ஒன்று தண்ணீர். நம் வீடுகளில் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. பலகையின் அடிவிளிம்பு தரையைத் தொட்டபடி இருந்தால், ஈரம் ஏறி, விளிம்பு உப்பி, மேலே ஒட்டிய தாள் பிரிந்து வரும். ஒருமுறை உப்பியது திரும்பச் சுருங்காது. இரண்டாவது எதிரி வீடு மாற்றுவது. ஸ்க்ரூவைக் கழற்றி அதே துளையில் மறுபடி போடும்போது தூள் உதிர்ந்து பிடிப்பு தளரும். வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் 'ஆடுகிறது' என்று சொல்வது இதைத்தான்.

தச்சர் எடுத்துவரும் பிளைவுட்டில் இந்தப் பயம் குறைவு, அதுவும் 710 பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது) என்றால் நீர் பட்டாலும் நிற்கும். கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் சாதாரண ரகம் வந்து, மேலே மைக்கா ஒட்டிவிட்ட பிறகு எது எது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் தச்சர் பக்கமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. தச்சரிடம் விலை கடைசி நாளில்தான் தெரியும். 'இன்னும் ரெண்டு ஷீட் வேணும் சார், கீல் நல்லதா போட்டுடலாம்' என்று நடுவில் ஏறும். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. பலகையும் பட்டியும் நடுக்கூடத்தில் கிடக்கும். ஆகாபுரா பக்கத்து ஃபர்னிச்சர் கடைகளிலோ பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. நீலக் கடையில் சீட்டில் அச்சடித்த விலை யாருக்கும் ஒன்றே. முதல் சம்பளம் வாங்கிய பெண் தனியாகப் போய், யாரிடமும் பேரம் பேசாமல், கட்டிலில் படுத்துப் பார்த்து வாங்கலாம். கடையைப் பற்றிய புகழ்ச்சியில் எனக்குச் சரியாகப் பட்டது இதுதான், மற்றதெல்லாம் விளம்பரம் ஊட்டியது.

வீட்டுப் பாடமும் செய்திருந்தார்கள். திறப்பதற்கு முன் ஆயிரம் வீடுகள் வரை போய்ப் பார்த்தார்கள். இங்கே பெண்களின் சராசரி உயரம் குறைவு என்பதால் சில சமையலறை அலமாரிகளின் உயரத்தை இறக்கினார்கள். விருந்தாளி திடீரென்று வருவார்கள் என்று மடக்கு நாற்காலியும் ஸ்டூலும் கூடுதலாக வைத்தார்கள். தேங்காய் நார் வைத்த மெத்தை, மசாலாப் பெட்டி எல்லாம் வந்தது. உணவகத்தில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லை, கோழி உருண்டையும் காய்கறி உருண்டையும்தான்.

[திரையில்: கரூர் தறிக்கூடம், தைத்து அடுக்கிய மேசை விரிப்புகள்.]

நம் பக்கத்து விஷயம் ஒன்று. இந்தியாவில் கடை திறப்பதற்கு முப்பது வருடம் முன்பிருந்தே ஐகியா இங்கிருந்து சரக்கு வாங்குகிறது. கரூரில் நெய்து தைத்த மேசை விரிப்பும் சமையலறைத் துணியும் ஐரோப்பா போய்க்கொண்டிருந்தன. 'அந்நியக் கடை' என்று கோபப்பட்டவர்களும் 'வெளிநாட்டுத் தரம்' என்று மயங்கியவர்களும் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

உள்ளூர்க் கடைகளை இது விழுங்கிவிடும் என்ற பேச்சு என்ன ஆனது? 2020 டிசம்பரில் நவி மும்பை, 2022 ஜூனில் பெங்களூரு நாகசந்திரா என்று கடைகள் பெருகின. நாகசந்திராவில் முதல் வார இறுதியில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கடையே அறிவித்தது. ஆனாலும் 2023-24ல் இந்தியாவில் விற்பனை சுமார் 1,800 கோடி, நட்டம் சுமார் 1,300 கோடி. கூட்டம் வேறு, கல்லா வேறு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பலர் மாதிரி அறைகளில் போட்டோ எடுத்து, சாப்பிட்டு, இரண்டு டப்பாவும் ஒரு விளக்கும் வாங்கிப் போகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் குளிரூட்டிய இடத்தில் குடும்பத்தோடு நடக்க வேறு எங்கே போவது?

'அங்கே போனால் என்ன வாங்கலாம்?' என்று நீங்கள் கேட்பதற்கு என் பதில். விளக்கு, டப்பா, துணி, குழந்தைகளின் மேசை நாற்காலி, இவற்றைத் தயங்காமல் வாங்கலாம். சோபாவுக்குக் கால் உயரமாக இருக்கிறதா, துடைப்பம் அடியில் போகுமா என்று குனிந்து பாருங்கள். புத்தக அலமாரி வாங்கினால் கூடவே வரும் சுவர்ப் பிடிப்பானைத் தூக்கி எறியாமல் சுவரில் மாட்டுங்கள், வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் வரும் அலமாரியையும் குளியலறைக் கதவோரம் நிற்கும் பீரோவையும் மட்டும் தச்சரிடம் விடுங்கள். 710 என்ற முத்திரை பலகையில் இருக்கிறதா என்று மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.