கேள்விக்குப் பின் மூன்று நொடி

ஆசிரியர்ப் பெருமக்களுக்கு என் வணக்கம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் கவனமே இல்லை" என்ற பேச்சு எழாத ஆசிரியர் அறை இல்லை. கைப்பேசியை நாலு வார்த்தை திட்டியதும் அந்தப் பேச்சும் ஓய்ந்துவிடும். கைப்பேசிக்கு இதில் பங்கில்லை என்று வாதாட நான் வரவில்லை. ஒரு பாடவேளையில் பிள்ளைகள் யோசிப்பதற்கென்று நாம் விடும் நேரம் எவ்வளவு என்பதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளரான மேரி பட் ரோ, வகுப்பறைப் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதற்குள் விடை வராவிட்டால் வேறொரு மாணவரை எழுப்பினார், அல்லது தாமே சொல்லிவிட்டார். அந்தக் காத்திருப்பு 3 நொடிக்கு நீண்டபோது விடைகளும் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள் என்று 1970களில் அவர் எழுதினார். 3 நொடி அற்பமாகத் தோன்றும். நாற்பது பேர் முன்னால் வாய்மூடி நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள், மீன்கடையில் வாங்கிய ஐஸ்கட்டியை எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோடு போட்டு மேசைமேல் வைத்தேன். சிறிது நேரத்தில் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நின்றேன். "உள்ளே இருந்து கசிகிறது சார்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். 'தவறு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவி, "அப்படியானால் வெந்நீர் ஊற்றினால் ஏன் சார் கசிவதில்லை?" என்றாள். தோற்க மனமில்லாத அவன், உள்ளே சிவப்பு மை ஊற்றிப் பார்க்கலாம் என்று தானே வழி சொன்னான். மை ஊற்றி, வெளியே இருந்த துளிகளை நோட்டுத் தாளில் ஒற்றியெடுத்தான். தாள் நனைந்தது; சிவக்கவில்லை. காற்றில் உள்ள நீராவியைப் பற்றி நான் பேசத் தொடங்கியபோது ஒருவரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு ஒரு பேனா பரிசளித்திருக்கலாமே என்றார் உடன் பணியாற்றிய நண்பர். படம் வரைய விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்த ஆய்வொன்று 1973இல் வெளியானது. பின்னர் தாமாக வரைய விட்டபோது அந்தக் குழந்தைகளே குறைவான நேரம் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தானே மூண்ட ஆர்வத்துக்கு விலைச்சீட்டு ஒட்டத் தயங்குகிறேன், அவ்வளவுதான்.

இப்படி நின்றுகொண்டிருந்தால் போர்ஷனை யார் முடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த டம்ளர் எனக்கு ஒரு பாடவேளை முழுவதையும் செலவு வைத்தது. அதை ஈடுகட்ட, அந்தப் பாடத்துக்கு வழக்கமாக நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதும் குறிப்புகளை நிறுத்திவிட்டு, தாளில் கண்டதை அவரவர் சொற்களில் எழுதிவரச் சொன்னேன்.