மாரிக்கு முன் வளவு மரத்தை மொட்டையடிக்காதீர்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டு வளவில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்கும் வேம்பைப் பாருங்கள். மாரி தொடங்குவதற்கு முன் இதன் தலையை முழுவதாக வெட்டிவிட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் எண்ணம். அந்தப் பயம் நியாயமானது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி வன்னியைக் கடந்தபோது, கூரைக்கு மேலே கொப்புகள் முறிந்துவிடுமோ என்று விழித்திருந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்தப் பயத்துக்கு மொட்டையடிப்பது மருந்தன்று என்பதை விளக்கவே இந்தக் காணொளி.

தலையை இழந்த மரம் உணவு தயாரிக்கும் இலைகளையும் இழந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய, வெட்டிய முனைகளைச் சுற்றி அவசர அவசரமாகத் துளிர்க்கிறது. அந்தத் துளிர்கள் மரத்தின் உள்ளே வேரூன்றி வளர்ந்த கொப்புகள் அல்ல, பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டி நிற்பவை. மூன்று நான்கு மாரி கழிய அவை கையளவு தடித்துப் பாரம் ஏற்றிக்கொள்ளும். அதற்குள் அவற்றின் அடியில் உள்ள வெட்டுமுனை உக்கத் தொடங்கியிருக்கும். நிழல் போனதால் பங்குனி, சித்திரை வெயில் நேரே பட்டையில் பட்டு வெடிப்பு உண்டாக, அந்த வெடிப்பினூடாகக் காளானும் கறையானும் உள்ளே போகும். புயலுக்குப் பயந்து வெட்டிய மரம் அடுத்த புயலில் முறிவது இதனால்தான். பனைக்கும் தென்னைக்கும் நிலைமை இதைவிடக் கடுமையானது. அவற்றுக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போய்விடும். போர் முடிந்த காலத்தில் தலையற்று நின்ற பனைகளைப் பார்த்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, இரண்டு பெரிய கவர்கள் சேரும் கவட்டில் பட்டை உள்ளே மடிந்து கிடக்கிறதா, மரம் சாய்ந்திருந்தால் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து நிலத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று கவனியுங்கள். மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினால், உள்ளே வெறுமையாகிக் கோறை விழுந்த இடம் வேறு ஒலி தரும். கோறை விழுந்த மரம் எல்லாம் விழப்போகிற மரம் என்று எண்ண வேண்டாம். கோறையைச் சுற்றிவர இருக்கும் உக்காத பகுதியின் தடிப்பு, அடிமரத்தின் ஆரையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் தாங்கும். நிலத்து வெடிப்பு அப்படியானதன்று. அது புதிதாகத் தோன்றியிருந்தால், அந்த மரத்தின் கீழ் யாரையும் படுக்க விடாதீர்கள்.

இந்த வேம்பில் அப்படி எதுவும் இல்லை. கூரைக்கு மேலே நீண்ட ஒரு கொப்பும், உள்ளே காய்ந்த சில கொப்புகளும்தான் பிரச்சினை. அவற்றை எடுத்தால் போதும். ஒரு தடவையில் பச்சை இலைகளின் காற்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரிய கொப்பை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும்: அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கமாக முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, பாரம் விழுந்த பின் எஞ்சிய கட்டையை எடுக்க மூன்றாவது. கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அரிந்தால் கொப்பு விழும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். கடைசி வெட்டின் இடம்தான் மிக முக்கியம். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அரிந்து பார்த்துக் காட்டியது இதையே: மரம் நம் தோலைப் போலக் காயத்தை ஆற்றுவதில்லை, காயப்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி மூடிவிடுகிறது, அந்தச் சுவர் எழும்பும் இடம் அந்தப் புடைப்பு. ஆகவே வெட்டிய இடத்தில் தாரோ பெயின்றோ பூசத் தேவையில்லை.

இன்னொரு விடயத்தை வீட்டுக்காரர்கள் கவனிப்பதே இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீடுகள் பல, பழைய மரங்களுக்கு மிக அருகில் எழுந்தன. அத்திவாரத்துக்கு வேரை வெட்டி, வெள்ளம் நிற்காமல் இருக்க அடிமரத்தைச் சுற்றிக் கிரவல் கொட்டி உயர்த்திவிட்டார்கள். உணவும் நீரும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேலே உள்ள இரண்டடி மண்ணிலேயே, கிளைகளின் பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். மரத்தின் உச்சி மட்டும் மெல்ல மெல்லக் காய்ந்து வந்தால், கத்தியை எடுக்க முன் கிரவலை அகற்றிப் பாருங்கள்.

தறித்தே ஆக வேண்டிய மரங்களும் உண்டு. ஆனால் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தறிக்க முடியாது. முதிரை, பாலை போன்றவற்றை வளவுக்கு வெளியே ஏற்றிச் செல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முதலே கேளுங்கள். மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரமானால் உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவித்து மின்னை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். பச்சைக் கொப்பும் ஈரக் கயிறும் மின்னைக் கடத்தும்.

மரம் அரிய வருபவரிடம் கூலியைப் பேசுவதற்கு முன், கொப்பை வடம் கட்டி இறக்குவாரா, தலைக்கவசமும் கண்ணாடியும் வைத்திருக்கிறாரா, மரம் விழும் திசைக்குப் பின்னால் ஒதுங்கி ஓட வழி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மலிவாகச் செய்கிறேன் என்று செருப்போடு மெசின் வாளைத் தூக்கிக்கொண்டு ஏறுபவரை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

நம் வன்னிக்கே உரிய ஓர் எச்சரிக்கை இருக்கிறது. போர் நடந்த இடங்களில் நின்ற பழைய மரங்களின் உள்ளே எறிகணைச் செல் துண்டுகள் இருக்கக்கூடும். மேலே பட்டை மூடி வளர்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மெசின் வாளின் சங்கிலி அதில் பட்டால் வாள் துள்ளி அரிபவரின் முகத்துக்கே வரலாம். மரத்தில் பழைய தழும்போ வீக்கமோ இருந்தால் அரிபவரிடம் காட்டுங்கள், வளவின் கதையையும் சொல்லுங்கள். அடிக்கட்டையைக் கிண்டும்போது மண்ணுக்குள் சந்தேகமான இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் அதைத் தொடவோ புரட்டவோ வேண்டாம். வேலையை அப்படியே நிறுத்தி, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.