பெண் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் பெண்கள் பள்ளியொன்றில் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றியவள் என்ற முறையில், வளரிளம் பெண்களைப் பெற்றவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்க வந்திருக்கிறேன். மகள் பூப்பெய்திவிட்டாள் என்பதற்காக அவளுடைய விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மஞ்சள் நீராட்டு விழா என்றால் தெருவில் பந்தல் போட்டு, பெண்ணின் படத்தோடு பேனர் கட்டி, தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து இறங்கும் பெருவிழா. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பந்தல் பிரித்த பிறகு அந்தப் பெண் மைதானத்துக்கு வருவது பெரும்பாலும் நின்றுபோகும். கோ-கோ அணியில் யாருக்கும் பிடிபடாமல் ஓடிய சிறுமி ஒருத்தி, விளையாட்டு வகுப்பு நேரத்தில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி படிக்கட்டில் உட்கார்ந்து, தோழிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயை அழைத்துக் கேட்டேன். "வயசுக்கு வந்த பொண்ணு, இன்னாத்துக்கு டீச்சர் கிரவுண்டுல துள்ளிக்கினு இருக்கணும்? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று மகளைப் படிக்கவைப்பவர் அவர். இருட்டான சந்துகளையும் தெருமுனையில் நிற்கும் பையன்களையும் எண்ணி அவர் கொள்ளும் அச்சம் நியாயமானதுதான். அதற்காகத் தண்டனை பெறுவது மகளாக இருப்பதுதான் என்னை வருத்துகிறது.

ஒரே அறையில் ஐந்தாறு பேர் புழங்கும் வீட்டில் வளரும் பெண்ணுக்கு, மனம் விட்டுச் சிரிக்கவும் தோழியிடம் இரண்டு வார்த்தை தனியாகப் பேசவும் மைதானத்தை விட்டால் வேறு இடம் ஏது? உடலுக்கும் அது தேவை. எலும்பு தன் வலுவின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இந்த வயதில்தான். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மாதவிலக்கு நாள்களில் விளையாடினால் கருப்பைக்குக் கெடுதல் என்பது தவறான எண்ணம்; அந்நாள்களில் லேசாக ஓடியாடுவது பலருக்கு வயிற்றுவலியைக் குறைக்கவே செய்கிறது. முடியாத நாளில் ஓய்வெடுக்கட்டும், அதை அவளே முடிவு செய்யட்டும்.

ஓடினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று திட்டாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டலுக்குப் பயந்து துப்பிவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள், உடனே தேநீர் கொடுக்காதீர்கள்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டும் தந்தைக்குப் பிறந்த நம் வடசென்னைப் பெண். அப்போது அவருக்கு 17 வயது. எல்லாப் பெண்களும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தத் தந்தை மகளை ஆட விட்டார் என்பதைத் தந்தையர் கவனிக்க வேண்டும்.

அச்சத்துக்கு வழி உண்டு. எங்கள் பள்ளியில் ஒரே தெருவைச் சேர்ந்த தாய்மார் சிலர் முறை வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப் போனார்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் கிடைக்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இந்தக் கேள்விகளை எழுதியே எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.