எங்கேதி ஓடையும் நம் சேர்வராயனும்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்திலிருந்து எருசலேம் யாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் சாக்கடலில் மிதந்து, படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே கரையில்தான் எங்கேதி இருக்கிறது. பைபிளில் சவுல் ராஜாவுக்குப் பயந்து தாவீது ஒளிந்திருந்த அதே எங்கேதி. இன்று அது சுமார் 14 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள இயற்கைக் காப்பகம். "இந்த வெயில்ல உள்ள போய் என்னத்த சார் பாக்கப் போறீங்க?" என்று எங்கள் குழுவில் பாதிப் பேர் ஏசி பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆயுசு முழுக்கத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது முடியுமா?

அங்கே ஆண்டு மழை 100 மில்லிமீட்டர்கூட இல்லை. நம்மூரில் ஓர் இரவு இடி மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவு கொட்டிவிடும். சுற்றிலும் மொட்டைப் பாறை. நடுவே சித்திரையிலும் வற்றாத ஓடை. பாறைச் சுவரில் தண்ணீர் கசிகிற இடத்தில் மட்டும் பெரணி பச்சைப்பசேலென்று தொங்குகிறது. ஏற்காட்டுக் கல்லிடுக்குகளில் பார்ப்போமே, அந்த ஜாதிதான். கையை ஒரு முழம் தள்ளி வைத்தால் பாறை சுடுகிறது.

வழியெல்லாம் நம் செடிகளின் பங்காளிகள். எருக்கு அங்கே மரம்போல நிற்கிறது. காய் உள்ளங்கை நிறைய இருக்கும், பிய்த்தால் அதே பால். ஒரு முருங்கையும் உண்டு. வறட்சியில் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டுக் காம்புகளோடு மட்டும் நிற்கும். இலந்தை, வேலம், சங்கப் பாட்டின் பாலை நிலத்தில் வரும் உகாய்கூட உண்டு. வளைந்த கொம்புள்ள காட்டாடுகள் மனிதரைச் சட்டை செய்யாமல் பாதையோரம் மேய்கின்றன. குழிமுசல் என்று பாறையிடுக்கில் வாழும் ஒரு சின்னப் பிராணி, பார்க்கப் பெருச்சாளி மாதிரி இருக்கும்; ஆனால் உறவுமுறையில் யானைக்குக் கிட்டத்துச் சொந்தம்!

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேற்கே உயரத்தில் எப்ரோன் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை, சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, மெதுவாகக் கிழக்கே நகர்ந்து, அடியில் நீர் புகாத படிவம் தடுக்கும் இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. மலையே தொட்டி.

ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனாலும் கோடையில் கிளியூர் அருவி வெறும் பாறைதான். இதற்கு நம்மை நாமே திட்டிக்கொள்வது பாதிதான் சரி. ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. வெடிப்புகளைத் தவிர அதற்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே கிடக்கும் மண்ணும் சோலையும், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களும்தான் மழையைப் பிடித்துவைக்கின்றன. மண்ணை வழித்துவிட்டால் எங்கேதியைப்போல் பாறை வந்து காப்பாற்றாது. மிச்சப் பாதிக்குத் திட்டலாம். மரத்தைச் சாய்த்து ரிசார்ட்டுக்குத் தளம் போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

எங்கேதி போக நினைப்பவர்கள் யாத்திரை ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே பேசி, காலையில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடமாட்டார்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மேலே மழை என்றால் வெள்ளத்துக்கு அஞ்சிப் பாதையை மூடிவிடுவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.