காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவர்

வணக்கம் நேயர்களே. நான் பல வருடம் சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். காலையில் போனதும் முதல் வேலை, சின்ன டப்பாவில் வந்திருக்கும் சளியில் எச்சிலை ஒதுக்கிவிட்டு, மஞ்சளாய்க் கட்டியாய் இருக்கிற பகுதியைக் குச்சியால் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிக் காயவைப்பது. அப்புறம் கார்பால் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, கொதிக்கவிடாமல் ஆவி எழும் அளவுக்கு மட்டும் அடியில் சூடு காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, 25 சதவீதக் கந்தக அமிலத்தை அதன் மேல் ஊற்றுவோம். சளி, நம் உடம்பின் செல்கள், மற்றக் கிருமிகள் என்று எல்லாவற்றிலும் ஏறிய சிவப்பு அதில் கரைந்து ஓடிவிடும். கடைசியில் மெத்திலின் நீலம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பரப்பில் அங்கங்கே மெல்லிய சிவப்புக் குச்சிகள், சில சற்றே வளைந்து, சில இரண்டு மூன்றாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதுதான் டி.பி. கிருமி.

அமிலம் ஊற்றியும் ஏன் சிவப்பு போகவில்லை? இன்றைக்கு நான் பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் இந்தக் கிருமியை உலகத்துக்கு அறிவித்தார். அதே வருடம் பால் எர்லிஹ் என்ற இன்னொரு மருத்துவர், ஏறிய சாயம் அமிலத்துக்கு அசையவில்லை என்பதைக் கண்டுபிடித்து நிறமேற்றும் முறையைச் சீராக்கினார். அவருக்கே பிறகு காசநோய் வந்து, தன் சளியிலேயே அந்தக் கிருமியைப் பார்க்க நேர்ந்தது. சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது கிருமியின் மேல்சுவர், அதுவும் கொழுப்பும் மெழுகும் நிறைந்த சுவர். இந்தக் கிருமியின் உலர்ந்த எடையில் 40 சதவீதம் வரை கொழுப்புதான் என்கிறார்கள். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் உருண்டு ஓடுமே, அந்த மாதிரி நீரில் கரைந்து வரும் பல மருந்துகள் இதன் மேல் பட்டும் உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகின்றன.

சுவரை உள்ளிருந்து வெளியே பார்ப்போம். முதலில் எல்லா உயிருக்கும் உள்ளது போல ஒரு மெல்லிய சவ்வு. அதன் மேல் பெப்டிடோகிளைக்கான் என்ற வலை, இது பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு உண்டு. அந்த வலையின் மேல் அரபினோகாலக்டான் என்ற சர்க்கரைக் கிளைகள். அந்தக் கிளைகளின் நுனிகளில் மைக்காலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பு வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அதற்கும் வெளியே, எதோடும் கட்டப்படாத வேறு வகைக் கொழுப்புகள் ஒரு படலமாக விரிந்திருக்கும்.

இந்த மைக்காலிக் அமிலம் எவ்வளவு நீளம் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருக்கும் கொழுப்பு அமிலத்தில் 12 கார்பன். நல்லெண்ணெயில் பெரும்பாலும் 18. காசநோய்க் கிருமியின் மைக்காலிக் அமிலத்தில் 70 முதல் 90 வரை கார்பன் இருக்கும்!

இவ்வளவு நீளமானதை ஒரே மூச்சில் செய்துவிட முடியாது. முதலில் ஒரு பெரிய நொதி, குட்டையான சங்கிலிகளைச் செய்கிறது, சில 16, 18 கார்பன், சில 24, 26. அந்தக் குட்டைகளில் ஒரு பங்கை இன்னொரு நொதிக் கூட்டம் வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கார்பன் என்று சேர்த்துச் சேர்த்து ஐம்பது கார்பனைத் தாண்டி நீட்டுகிறது. கடைசியில் இந்த நீளச் சங்கிலியையும் 26 கார்பன் சங்கிலியையும் இன்னொரு நொதி இணைத்துவிடுகிறது. சரி, சரக்கு தயார். ஆனால் செய்தது உள்ளே, பூச வேண்டியது வெளியே.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கட்டட வேலையில் சித்தாள் கலவையைச் சட்டியில் வாங்கிக் கொத்தனாரிடம் சேர்த்துவிட்டு, காலிச் சட்டியோடு திரும்புவாரே, அப்படியே இங்கும் நடக்கிறது. ட்ரெஹலோஸ் என்ற சின்னச் சர்க்கரைதான் சட்டி. அதில் மைக்காலிக் அமிலத்தை ஏற்றி, எம்.எம்.பி.எல்.3 என்ற புரதம் சவ்வைத் தாண்டி அனுப்புகிறது. வெளியே காத்திருக்கும் ஆன்டிஜென் 85 என்ற நொதிகள் அதை வாங்கிச் சர்க்கரைக் கிளைகளில் ஒட்டுகின்றன. காலியான ட்ரெஹலோஸைக் கிருமி மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஒரு சட்டியும் வீணாவதில்லை! சில சமயம் கலவை இருக்கும் சட்டியிலேயே இன்னொரு மைக்காலிக் அமிலமும் ஏறிவிடும், அப்போது கிடைப்பது கயிற்றுக் காரணி என்கிற பொருள். கிருமிகள் கயிறு திரித்தது போல ஒன்றாய் வளர்வதற்கு அதுதான் காரணம், நம் வெள்ளணுக்கள் விழுங்கிய பிறகும் செரிமானமாகாமல் தப்பிக்க உதவுவதும் அதுவே.

இந்த வேலை கிருமியின் உடம்பு முழுக்க நடப்பதில்லை. கிருமி தன் இரண்டு முனைகளில்தான் நீள்கிறது, புதுச் சுவர் பெரும்பாலும் அங்கேதான் ஏறுகிறது. 1998-இல் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்தபோது, சுமார் 4000 மரபணுக்களில் ஏறத்தாழ 250 கொழுப்பு வேலைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. குடலில் வாழும் ஈ. கோலைக்கு அது 50 அளவில்தான். ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். நம் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதனால்தான் கல்ச்சர் போட்டால், அதாவது சளியிலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்த்தால், முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறோம். அந்தக் காத்திருப்பில் குடும்பங்கள் தவிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செலவழித்துக் கட்டும் சுவருக்குள்தான் அதை வீழ்த்தும் இடமும் இருக்கிறது. ஐசோநியாசிட், நாங்கள் ஐ.என்.ஹெச். என்று சொல்லும் மாத்திரை, 1952-இல் காசநோய்க்குப் பயனுக்கு வந்தது. அது தானாக எதையும் கொல்லாது. வெள்ளணு தாக்கும்போது பெராக்சைடிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கிருமி வைத்திருக்கும் கேட்ஜி என்ற நொதியே இந்த மருந்தை மருந்தாக மாற்றுகிறது. மாறியது, சங்கிலியை நீட்டும் கூட்டத்தில் ஒரு நொதியின் வாயை அடைத்துவிடும். ஐ.என்.ஹெச். முதலில் அடைப்பது அதைத்தான் என்பதால் அந்த நொதிக்கே ஐ.என்.ஹெச்.ஏ. என்று பெயர். எத்தம்பியூட்டால் என்ற இன்னொரு மாத்திரை சர்க்கரைக் கிளைகள் வளர்வதைத் தடுக்கும். அந்த மாத்திரை சாப்பிடும்போது சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியவில்லை என்று தோன்றினால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

1956-இல் நம் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அது. ஐ.என்.ஹெச்., பாஸ் என்ற இரண்டு மருந்துகளைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுத்தபடி எடுத்தவர்களையும், நெரிசலான வீட்டில் இருந்தபடி எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் குணமானது ஏறத்தாழ ஒரே அளவு. நல்ல காற்றும் நல்ல உணவும் இல்லாமலே சுவர் கட்டும் வேலை நின்றது. உலகம் முழுக்க டி.பி.க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை வந்ததற்கு நம் ஊர் நோயாளிகளும் ஒரு காரணம், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. கேட்ஜி மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும், மாத்திரை மருந்தாக மாறாமலே போய்விடலாம். எல்.பி.ஏ. என்ற பரிசோதனை இது போன்ற மாற்றங்களைத்தான் தேடுகிறது.

இரண்டு மாதச் சிகிச்சை முடிந்ததும் மறுபடி சளி கேட்போம். பலர் ஆளே தேறி, இருமல் போய், சிரித்துக்கொண்டு வருவார்கள். சளியே வரவில்லை என்பார்கள். எப்படியோ வாங்கிச் சாயம் ஏற்றி, ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நுண்ணோக்கியில் நூறு கட்டம் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதுவோம். நூறும் நீலமாக இருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஐ.என்.ஹெச். முக்கியமாகப் புதுச் சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். சில கிருமிகள் நுரையீரலில் எங்காவது ஒரு மூலையில், வளராமல், கட்டுவதையே நிறுத்திக் கிடக்கும், அவை என் ஸ்லைடுக்கு வராது. மீதி நான்கு மாதம் மாத்திரை கொடுப்பது அவற்றுக்காக.