கெல்ம்ஸ்காட் பண்ணை வீட்டின் கற்கூரை

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் நதி இன்னும் சிற்றாறாகவே ஓடுகிற சமவெளியில், கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஏறத்தாழ 1600ஆம் ஆண்டில் டர்னர் என்னும் உழவர் குடும்பத்தார் கட்டிக்கொண்ட கல் வீட்டைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். ‘மேனர்’ என்ற ஜமீன்தாரி மிடுக்குள்ள பெயர் பின்னாளில்தான் அதற்கு வந்து சேர்ந்தது.

இவ்வீட்டுக்குத் திட்டம் வரைந்தவர் என்று யாருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லைச் சாந்து வைத்து அடுக்கிய கனத்த சுவர்கள், ஒவ்வொரு சன்னலையும் கூறுபோடும் கல் நிலைகள், மழைநீர் கண்ணாடியில் இறங்காமல் ஒதுக்கிவிடும் கல் விளிம்புகள் என யாவும் கொத்தனாரின் கைப்பழக்கத்தில் பிறந்தவை. 1665ஆம் ஆண்டை ஒட்டி வடகிழக்கில் சேர்த்த பகுதியில் மட்டும், மேல்மாடச் சன்னல்களின் தலையில் சிறிய முக்கோண முடிகளைக் காணலாம். நகரத்துப் புதுப்பாணி வயல்வெளி வரை எட்டிப் பார்த்ததற்கு அதுவே அடையாளம்.

கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், ஓவியர் ரோசெட்டியுடன் சேர்ந்து 1871இல் இவ்வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மோரிஸின் சுவர்த்தாள்களிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். மோரிஸோ அண்ணாந்து கூரையைப் பார்த்தவர். அதன் ஒழுங்கில் மீனின் செதிலையும் பறவையின் இறகையும் கண்டு மகிழ்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கூரையில் வேய்ந்திருப்பது களிமண் ஓடு அன்று, கல். இறவாரத்தில் மிகப் பெரிய பலகைகளும், மேலே செல்லச் செல்ல அளவில் குறைந்து முகட்டருகே மிகச் சிறியவையுமாக வரிசைகள் அமைகின்றன. வெட்டியெடுத்த கல் ஒரே அளவில் பிளப்பதில்லை என்பதால், பெரியது சிறியது எதையும் வீணாக்காமல் பயன்படுத்த இதுவே வழி. மேலும், கூரை முழுவதன் நீரும் வந்து இறங்கும் அடிவரிசையில் பெரிய கல்லும் குறைந்த இணைப்புகளும் இருப்பதே நல்லது. ஒவ்வொரு பலகையிலும் துளையிட்டு, மரமுளை செருகி, குறுக்குச் சட்டத்தில் மாட்டுவார்கள். கரடுமுரடான கற்களின் இடுக்கில் நீர் தங்காதிருக்கக் கூரையைச் செங்குத்தாகச் சரிக்க வேண்டும். அந்தச் சரிவே இவ்வீடுகளுக்கு உயர்ந்த முக்கோணச் சுவர்களையும், உள்ளே விசாலமான பரண்களையும் தந்தது.

கல்லைப் பிளந்த முறை இன்னும் வியப்பானது. இவ்வட்டாரத்தில் பேர்பெற்ற ஸ்டோன்ஸ்ஃபீல்டு ஊரில், சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, குளிர்காலத்தில் வெளியே பரப்புவார்கள். கல்லின் அடுக்குகளுக்கிடையே உள்ள நீர் உறைந்து விரியும்போது அடுக்குகள் தளர்ந்துவிடும். பிறகு சுத்தியலால் தட்டினாலே பலகை பலகையாகப் பிரியும். பனி பொய்த்த ஆண்டில் அந்தத் தொழிலும் பொய்த்தது.

1962 முதல் லண்டன் தொல்பொருள் ஆய்வுச் சங்கத்தின் பொறுப்பில் இவ்வீடு பாதுகாக்கப்படுகிறது. ஆனால் இவ்வகைக் கூரைகளைப் பழுதுபார்க்கக் கல் கிடைப்பதுதான் அரிது. பழைய சுரங்கங்கள் மூடப்பட்டதால், இடிந்த களஞ்சியங்களின் கூரையைப் பிரித்து மற்றொன்றை மூடும் வழக்கம் பரவியது. ஒன்றைக் காக்க இன்னொன்றை மொட்டையடிப்பது எவ்வகையில் பாதுகாப்பாகும் என்று தெரியவில்லை. நார்தாம்ப்டன்ஷயரின் காலிவெஸ்டன் கல்லை இப்போது குளிரூட்டிய பெட்டகங்களில் உறையவைத்துப் பிளக்கிறார்கள். பனிக்காலத்துக்குக் காத்திராமலே புதிய கூரைக்கல் அங்கே கிடைக்கத் தொடங்கியுள்ளது.