குறைமாதப் பிள்ளையின் மூச்சும் இரத்தமும்

வணக்கம். மூதூர், கிண்ணியா, வெருகல் என்று தூரத்திலிருந்து வந்து, குறைமாதத்தில் பிள்ளை பெற்று, திருகோணமலையில் ஆஸ்பத்திரி வாங்கில் நாட்கணக்காக உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நினைத்துத்தான் இன்று பேச வந்தேன். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "டொக்டர், மூக்கில இருக்கிற குழாயை எப்ப கழட்டுவீங்க?"

சில பிள்ளைகளுக்கு ஒரு கிழமையில் கழட்டிவிடுவோம். சிலருக்கு மாதங்கள் ஆகும். கர்ப்பக் கணக்கில் 36 கிழமை ஆன பிறகும் ஒட்சிசன் தேவைப்பட்டால் அதை நாட்பட்ட நுரையீரல் நோய் என்கிறோம். 1967இல் நோர்த்வே என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதலில் விவரித்த நோய் இது. 26 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு நுரையீரலின் காற்றறைகள் இன்னும் உருவாகி முடியவில்லை. உயிரைக் காப்பாற்ற நாங்கள் கொடுக்கும் ஒட்சிசனும் இயந்திரத்தின் அழுத்தமுமே அந்தப் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கிவிடுகின்றன.

புண் தொடங்குவது முதல் சில நாட்களில். நோய்க்குப் பெயர் வைப்பதோ பத்துக் கிழமை கழித்து. இந்த இடைவெளிதான் எங்களுக்குத் தலையிடி. நுரையீரலைக் காக்க டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து உண்டு. ஆனால் பிறந்த முதல் கிழமையிலேயே அதைக் கொடுத்தால் பிற்காலத்தில் மூளைவாதம் வரும் ஆபத்துக் கூடுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க முடியாது. உண்மையிலேயே தேவைப்படப்போகும் பிள்ளை எது என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

அதற்காகத்தான் ஆராய்ச்சியாளர்கள் முதல் நாட்களின் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். அழற்சி கிளம்பும்போது இன்டர்லியூக்கின் 6, இன்டர்லியூக்கின் 8 என்ற புரதங்கள் இரத்தத்தில் ஏறும். நுரையீரலின் உட்சுவர்க் கலங்கள் சிதையும்போது கேஎல்-6 என்ற புரதம் கூடும். இதயம் சிரமப்படும்போது என்டி-புரோபிஎன்பி என்ற புரதம் கூடும். ஆனால் கிருமித்தொற்று வந்தாலும் இன்டர்லியூக்கின் 6 ஏறும். பிறந்ததும் மூடவேண்டிய இரத்தக்குழாய் மூடாமல் இருந்தாலும் என்டி-புரோபிஎன்பி ஏறும். இதில் எந்த ஒன்றையும் தனியாக நம்பி மருந்து தொடங்க இன்றைக்கு முடியாது. எத்தனை கிழமையில் பிறந்தது, நிறை, எவ்வளவு ஒட்சிசன் தேவைப்படுகிறது, இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 85 மில்லிலீட்டர்தான். ஒரு பிளேன்டீக் கோப்பைகூட நிறையாது. குதிக்காலில் குத்தி எடுக்கும் ஒவ்வொரு துளியையும் நாங்கள் கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறோம். புதிய பரிசோதனை எதுவாக இருந்தாலும் சில துளிகளில் முடியவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, இன்று கையில் இருப்பவை என்ன? பிள்ளை பிறக்குமுன் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. 1972இலேயே நியூசிலாந்தில் அதன் பலனைக் காட்டிவிட்டார்கள். ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். ஆகவே மாதம் நிறையுமுன் வயிற்றுவலியோ நீர் உடைவோ இரத்தக் கசிவோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே கிளம்பி வாருங்கள். பிறந்த பிறகு கஃபீன் மருந்து கொடுக்கிறோம், கோப்பியில் இருக்கும் அதே கஃபீன்தான். அப்புறம் தாய்ப்பால். வீட்டுக்குப் போன பின் விறகடுப்புப் புகை, சிகரெட், நுளம்புத்திரி எதுவும் பிள்ளைக்குக் கிட்ட வரக்கூடாது.

குழாயைப் பற்றிக் கேட்கும் தாயை நான் இயந்திரத்தின் பக்கத்தில் கூட்டிப்போய் பிள்ளைக்குப் போகும் காற்றில் எத்தனை வீதம் ஒட்சிசன் என்று அதில் இருக்கும் இலக்கத்தைக் காட்டுவேன். நேற்று 35, இன்று 30. "21க்கு வரட்டும் அம்மா. நீங்களும் நானும் இப்ப இழுக்கிற காத்து அதுதான்." அடுத்த நாள் காலையில் பால் கொண்டுவரும்போது, பிள்ளையின் முகத்தைப் பார்த்த கையோடு அவர் அந்த இலக்கத்தையும் பார்ப்பார்.